முதலில் நீ குடி

இன்று காலை எதிர்வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஓடிவந்து கூப்பிட்டார்கள். உப்பும் சர்க்கரையும் கரைத்து, ஊட்டுவதற்கு முன் ஒரு வாய் நானே குடித்துப் பார்த்தேன். நாக்கில் பட்டதும் நீ வந்து நின்றாய்.

எழுபதுகளில் சென்னைக் கடலோரத்து மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்துக்கு வந்த கற்றுக்குட்டி நர்ஸ் நான். நீ மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னோடு வீடு வீடாக ஏறி இறங்கிய சுகாதாரத் தொண்டர். பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். அதை நம்பி நீயே உன் மூத்தவனைப் பறிகொடுத்திருந்தாய். "தண்ணி தண்ணினு கேட்டுக்கினே பூட்டான் நர்ஸம்மா. நாந்தான் குடுக்கல" என்று ஒரே ஒருமுறை சொன்னாய். அதன் பிறகு எந்த வீடும் உன்னிடமிருந்து தப்பவில்லை.

செல்வியின் கைக்குழந்தைக்குப் பேதி கண்ட அன்று நினைவிருக்கிறதா? கொதித்தாறிய தண்ணீர் ஒரு சொம்பு, சர்க்கரை ஒரு பிடி, மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். அவளோ தினமும் கருவாட்டுக்கு உப்பு அள்ளிப்போடுகிறவள். சிட்டிகை என்றால் அந்தக் கையில் அரைப் பிடி வந்துவிடும். குழந்தை குடித்ததையெல்லாம் கக்கியது. மாமியார் வாசலை மறித்தாள்.

"இன்னாத்துக்கு வந்துகீறீங்க? புள்ளைய சாவடிக்கவா?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இப்போது சொல்ல.

நீ விட்டாயா? சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்து, தூவென்று துப்பினாய். "அடியே, புள்ளைக்குக் கரைச்சியா, வஞ்சிரத்துக்குக் கரைச்சியா?" அவ்வளவையும் மணலில் கொட்டிவிட்டுப் புதிதாய்க் கரைத்தாய். நீ குடித்து, எனக்குக் கொடுத்து, மாமியாரிடமும் நீட்டினாய். "கண்ணுத் தண்ணிய வுட கரிக்குதா? நீயே சொல்லு ஆயா." அவள் குடித்துப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

குழந்தையை மடியில் போட்டு, கரண்டி கரண்டியாய் ஊட்ட ஆரம்பித்தாய். "இது ஒண்ணுக்குப் போவாம நான் நவுர மாட்டேன்" என்றாய். சிறுநீர் பிரிந்தால் வற்றிய உடம்பில் நீர் ஏறிவிட்டது என்று நான் சொல்லியிருந்தேன். கூடையில் மீன் வெயிலில் கெட்டுக்கொண்டிருந்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் உன் மடி நனைந்தது. "பொயச்சிக்கிச்சு நர்ஸம்மா!" என்று நீ போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அந்த ஈரப் புடவையோடுதான் அடுத்த வீட்டுக்கும் போனாய்.

நீ கண்மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. எத்தனையோ தாய்மாருக்கு அளவு சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் "முதலில் நீ குடி" என்பேன். இன்று எதிர்வீட்டில், "நீங்க போய்ப் படுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். முழங்கால் வலியில் உயிர் போனது. ஆனாலும் நகரவில்லை. குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் மடி நனைந்தது. புடவையை இன்னும் மாற்றவில்லையடி.