பால்வெளிப் படையின் வசனகர்த்தாவுக்கு

திருச்செங்கோடு
4.8.2025

அன்புள்ள நிலா அப்பாவுக்கு,

நானும் நிலாவும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் போய் முடிகிறது, கடிதமே எழுதிக்கொள்வோம் என்று சித்திரையில் பேசிக்கொண்டோமே, அதன்படி எழுதுகிறேன்.

படம் பார்த்தோம். ஓடிடியில் வந்த அன்று சாயங்காலமே வளவன் அண்ணன் வீட்டு டிவியில் போட்டுவிட்டார். மல்லசமுத்திரத்திலிருந்து உங்கள் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். 'பால்வெளிப் படை, வசனம்: இளவழகன்' என்று வந்ததும் மாமா எழுந்து நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு கைதட்ட யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அத்தை முதல் கிரகத்திலேயே தூங்கிவிட்டார். அண்ணன் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் இல்லையா, "இத்தன வருசம் பறக்கறாங்களே, டீசல் எங்கீங்க மாமா போடுவாங்க?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். மாமா விட்டுக்கொடுக்கவில்லை. "படம் நல்லாத்தான் இருக்குது சாமி. நமக்கு வெளங்கலீன்னா அவன் என்ன பண்ணுவான்?" என்றார். நிலாவுக்கு ரோபோவைப் பிடித்திருந்தது. அது பாதியில் வெடித்துப் போனதும் எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தனப்பிரியா டீச்சர் வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தாராம். அப்போதும் விண்கப்பல் நகரவில்லை என்கிறார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. மனதில் வைத்துப் புழுங்குவதைவிடச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் எங்களை இங்கே விட்டுவிட்டு அங்கே கிடந்தது இதற்காகவா என்று இருந்தது.

போகட்டும். நிலாவின் காதுகுத்தை ஆவணி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் குலதெய்வம் கோயிலில் வைத்திருக்கிறோம். மூன்று வயதில் கேட்டேன், படம் முடியட்டும் என்றீர்கள். ஐந்து வயதிலும் அதையேதான் சொன்னீர்கள். இப்போது ஏழு. வகுப்பில் காது குத்தாத பெண் இவள் ஒருத்திதான். பங்காளிகளுக்கெல்லாம் மாமா சொல்லிவிட்டார். உட்கார வைக்கத் தாய்மாமன் மடி இருக்கிறது, பக்கத்தில் நிற்க அப்பா வேண்டும். படம் வெளியானதும் ஊருக்கே வந்துவிடுவேன், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்போம் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் சூரியம்பாளையம் பக்கம் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். வருகிறீர்களா, இல்லையா? அதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
சௌமியா


சாலிகிராமம், சென்னை
9.8.2025

அன்புள்ள சௌமியா,

கடிதம் கிடைத்தது. ஊரெல்லாம் சேர்ந்து அடிக்கிறது, நீயும் உன் பங்குக்கு அடித்துவிட்டாய்.

இந்த ஒரு வாரமாக நான் மனிதனாக இல்லை. முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை என்று ஒருவன் எழுதுகிறான். முதல் பாதிதான் இழுவை, இரண்டாம் பாதி தேவலை என்று அடுத்தவன் எழுதுகிறான். கிராபிக்ஸுக்காக ஒருமுறை பார்க்கலாமாம். அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பையன் யூடியூபில் உட்கார்ந்துகொண்டு, நம் சேலத்துப் பக்கத்து ஆளா இதை எழுதினார் என்று தலையில் அடித்துக்கொள்கிறான். கனடாவிலிருந்து ஒருவர் மட்டும் மூன்று முறை பார்த்து அழுததாக எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் போட்டேன், அதற்கு அவர் பதில் போடவில்லை.

நான் எழுதிய படமே வேறு. டைரக்டர் மாற்றினார், தயாரிப்பாளர் மாற்றினார், கடைசியில் எடிட்டரும் மாற்றினார். என்னுடையது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொள்ள அதில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வசனம். தளபதி கப்பலில் ஏறும்போது அவன் மனைவி சொல்வாளே, "போகிறேன் என்றே சொல்லிவிட்டுப் போங்கள். வருகிறேன் என்று சொன்னால் நான் காத்திருக்க வேண்டும்." அதைத்தான் இப்போது எல்லோரும் கேலி செய்கிறார்கள். கரண்டு போனால் அதை மீமாகப் போடுகிறார்கள், பஸ் போனால் போடுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்றே எனக்குத் தெரியாது சௌமியா. டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன், அப்படியே வந்து விழுந்தது. எழுதுகிறவனுக்கு வாழ்க்கையில் ஒருமுறைதான் அப்படி வாய்க்கும். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கும் என்று தேடினேன். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

காதுகுத்து விஷயம் மனது ஒரு நிலைக்கு வந்ததும் எழுதுகிறேன். நிலாவுக்கு என் முத்தங்கள்.

உன்,
இளவழகன்


திருச்செங்கோடு
14.8.2025

அன்புள்ள நிலா அப்பாவுக்கு,

அந்த வசனத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் விட்டிருந்தேன். நீங்களே கேட்டதால் எழுதுகிறேன்.

அது டீக்கடையில் வந்து விழவில்லை. நான் சொன்னது. சேலத்தில், ஆஸ்பத்திரியில், நம்முடைய இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே போன பிறகு நான் படுத்திருந்தபோது. நீங்கள் இல்லாமல் ஷூட்டிங் நிற்கிறது என்று போன் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வாரேன் சௌமியா" என்றீர்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "போறேன்னே சொல்லீட்டுப் போங்க. வாரேன்னு சொன்னீங்கன்னா நான் பாத்துக்கிட்டே இருக்கோணும்." பக்கத்துக் கட்டிலில் இருந்த வள்ளியாத்தாள் என்கிற அம்மா பதறிப்போய், "அப்படிச் சொல்லக்கூடாது சாமி, வாயக் கழுவு" என்று அதட்டினார். நம் ஆட்களில் கடைக்குப் போகிறவர்கூட வாசலில் நின்று போறேன் என்று சொல்ல மாட்டார். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், அதற்கு மேல் காத்திருக்க என்னால் முடியவில்லை.

டிவியில் அந்தப் பெண் அதையே வயலின் வாசிப்போடு சொன்னபோது நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்போது மணி அடித்து நான் வகுப்பை விட்டுக் கிளம்பும்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கோரஸாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னுடைய வார்த்தை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு பெண் சிரிக்கவில்லை. அவள் அப்பா லாரியில் வடக்கே போகிறவர். "எங்கம்மாவும் அந்த இடத்துல டிவியை நிறுத்திப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க டீச்சர்" என்றாள்.

நீங்கள் எடுத்துக்கொண்டதில் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கோபம்தான். ஆனால் கேட்டுவிட்டு எடுத்திருந்தால்கூட ஒருவேளை கொடுத்திருப்பேன். யார் சொன்னது என்பதே உங்களுக்கு மறந்துவிட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அந்தக் கட்டிலில் நான் இருந்தேனா என்றே சந்தேகமாக இருக்கிறது.

இருந்தாலும் கேட்கிறேன். ஆவணி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு வந்துவிடுங்கள். வந்து நிலா பக்கத்தில் நில்லுங்கள். அது போதும், மற்றதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சௌமியா


சாலிகிராமம்
24.8.2025

அன்புள்ள சௌமியா,

மன்னித்துவிடு. நீ எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தேன், நீ சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். எழுதுகிறவன் மனதில் எது எங்கே போய்ப் பதுங்கிக்கொள்ளும் என்று அவனுக்கே தெரிவதில்லை.

ஒரு நல்ல செய்தி. உன் கடிதத்தை டைரக்டரிடம் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. மனிதர் கண் கலங்கிவிட்டார். முதல் பாகத்தில் இல்லாத உயிர் இதில்தான் இருக்கிறது என்கிறார். இரண்டாம் பாகம் உறுதியாகும்போல இருக்கிறது. அதன் தொடக்கத்தில் தளபதியின் மனைவி எழுதும் கடிதமாக இதை அப்படியே வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஊர் வாடையை மட்டும் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஆஸ்பத்திரியை விண்வெளி நிலையமாக்கிவிடலாம், லாரிக்காரர் பெண் அப்படியே இருக்கட்டும். இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன், பார்த்தாயா? சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

இது சம்பந்தமான மீட்டிங் அந்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. நான் இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். காதுகுத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாமே? அப்பாவிடம் நீ சொன்னால் கேட்பார்.

உன்,
இளவழகன்


திருச்செங்கோடு
1.9.2025

இளவழகன் அவர்களுக்கு,

நேற்று நிலாவுக்குக் காது குத்தியாகிவிட்டது. தள்ளி வைக்கச் சொல்லி மாமாவிடம் நான் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

கோயிலில் அண்ணன் மடியில் நிலாவை உட்கார வைத்ததும் பங்காளிகள் உங்களைத் தேடினார்கள். பூசாரியும், "பொண்ணோட அப்பன் வரட்டுமுங்க, கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்றார். உங்கள் படத்தை ஊரே திட்டியபோதும் விட்டுக்கொடுக்காத மாமா, "அவன் வரமாட்டானுங்க. ஆசாரி, நீங்க குத்துங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றார். முதல் காதுக்கு நிலா அழுதாள். இரண்டாவது காதை அவளே திருப்பிக் காட்டினாள். அப்பா எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நான்தான் காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன்.

பார்த்து வைத்த வீடு வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். எனக்கும் அவளுக்கும் அண்ணன் வீட்டு மாடியே போதும்.

நிலாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

சம்மதம் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென்றுதான் எழுதினேன். உங்களிடம் வந்து சேரவில்லை. படம் பார்க்கிறவர்களுக்காவது போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
சௌமியா