நாலாம் நம்பர் ட்ரொலி காட்டிய எழுபத்தெட்டு

ஒக்டோபர் 7, திங்கள்

ஐந்தாம் வார்டு ட்ரொலியின் சில்லிலிருந்து இன்று ஒரு சவுரி கட்டும் அளவுக்கு முடி எடுத்தேன். கறுப்பு, நரை, மருதாணிச் சிவப்பு என்று எல்லா வயதும் இருந்தது. மேட்ரன் எட்டிப் பார்த்து, "இதனால்தான் இழுக்கவே முடியாமல் இருந்ததா?" என்று சிங்களத்தில் கேட்டார். இதனால்தான் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் உத்தியோகத்துக்கு உயிர்மருத்துவத் தொழில்நுட்ப உதவியாளர் என்று பெயர். ஊரில், புசல்லாவையில், அம்மா இதை யாருக்காவது சொல்லும்போது மூச்சு வாங்குவதற்கு நடுவில் ஒருமுறை நிறுத்துவார். உண்மையில் நான் பதினொரு கொம்பியூட்டர் ட்ரொலிகளுக்கு ஆயா. சில்லு வைத்த கம்பம், மேலே திரை, கீழே பேட்டரி. நர்ஸ்மார் அதைக் கட்டில் கட்டிலாகத் தள்ளிப்போய், மருந்து கொடுத்தவுடன் அதிலேயே பதிய வேண்டும். இரவில் சுவரில் சொருகி சார்ஜ் போட வேண்டும். இவ்வளவுதான். இதில் கெட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை ஒரு நாள் என் கதிரையில் உட்கார வைக்க வேண்டும்.

பின்னேரம் வழக்கம்போல இடி, மழை. கண்டியில் இந்த மாதம் முழுக்க இப்படித்தான். நான் பஸ்ஸுக்கு இறங்கும் நேரம் பார்த்துக் கொட்டுகிறது.

ஒக்டோபர் 9, புதன்

இரண்டாம் வார்டில் வில்லங்கம். ஒன்பதாம் கட்டில்காரருக்கு இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி இரண்டு தரம் போய்விட்டது. முதலில் போட்டது நர்ஸ் ஸஹ்ரா. போட்டுவிட்டு நாலாம் நம்பர் ட்ரொலியில் பதிந்தாளாம். அந்த நொடியே திரை அணைந்ததாம். பதிவாகியிருக்கும் என்று நினைத்து, சத்திரசிகிச்சைக்குப் போகும் இன்னொருவரோடு போய்விட்டாள். அடுத்து வந்த நர்ஸ் பார்த்தாள், பதிவு இல்லை. அவளும் ஒன்று போட்டாள். மனுஷனுக்கு மூக்கால் இரத்தம். தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறார்கள். தப்பிவிடுவாராம். மகன் வாசலில் நின்று கத்துகிறான். கத்தாமல் என்ன செய்வான்?

எங்கள் பிரிவுத் தலைவர் பொன்னுத்துரை சேர் என்னை அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், தீ பிடித்தாலும் குரல் உயராது. "பிள்ளை, போய் அந்த ட்ரொலியை ஒருக்காப் பாரும். இண்டைக்கே றிப்போட் வேணுமாம்."

பார்த்தேன். அதற்குள் வார்டில் பிளக் சொருகி வைத்திருந்தார்கள். போட்டவுடன் எழும்பியது. பேட்டரி எழுபத்தெட்டு சதவீதம் காட்டியது. இருபது நிமிடம் ஓடவிட்டேன், அணையவில்லை. 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பலாக்காய்க் கறி நன்றாக இருந்தது.

ஒக்டோபர் 10, வியாழன்

நான் எழுதிய அந்த ஒரு வரி நேராக ஸஹ்ராவின் தலையில் இறங்கியிருக்கிறது. ட்ரொலியில் குறை இல்லையென்றால் திரை அணைந்தது என்பது பொய். பொய்யென்றால் அவள் பதியவே இல்லை. வார்டிலிருந்து எடுத்து, படுக்கைத் துணி மடிக்கும் லினன் அறையில் போட்டுவிட்டார்கள். 28ஆம் திகதி விசாரணை. கவனயீனம் என்று முடிவானால் வேலை போகும். காரணத்தைக் கடிதத்தில் எழுதித்தான் அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தோடு எந்த ஆஸ்பத்திரி படியேறுவது?

படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். "ட்ரொலியில கொற இல்லன்னு எழுதீக்கிறீங்க. அப்ப நான் பொய் சொல்றவளா, சிந்துஜா?"

இரண்டு வருடமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இதுவரை சிந்து என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

ஒக்டோபர் 11, வெள்ளி

வேர்க்‌ஷொப்பில் ஆயுத பூசை. சேர் எல்லா மீட்டருக்கும் சந்தனம் வைத்தார். சோதனைக்கென்று நான் கொண்டுவந்து வைத்திருந்த நாலாம் நம்பருக்கும் ஒரு பொட்டு கிடைத்தது. எனக்குச் சுண்டல் இறங்கவில்லை.

ஒக்டோபர் 14, திங்கள்

இன்று அதைப் பிளக் இல்லாமல் ஓடவிட்டேன். இருபது நிமிடம் இல்லை, அணையும் வரைக்கும். திரையில் ஏதாவது ஓட வேண்டுமே என்று ஒரு சமையல் வீடியோ போட்டேன். ஆட்டிறைச்சி பாதி வெந்துகொண்டிருக்கும்போது கறுத்துப்போனது. கடைசியாகக் காட்டியது எழுபத்தொன்று. பீப் சத்தம்கூட இல்லை. இருபதுக்குக் கீழே போனால்தானே அது கத்தும்? அதன் கணக்கில் இன்னும் எழுபத்தொன்று இருக்கிறதே!

அந்தச் சதவீதம் பேட்டரிக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்து ஊகிக்கிறது. தினமும் அரைகுறையாகவே சார்ஜ் ஏறினால் ஊகம் பிசகிக்கொண்டே போகும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜை முற்றாக இறக்கி முற்றாக ஏற்றச் சொல்கிறார்கள். போன வருடம் நாங்கள் அதை நிறுத்திவிட்டோம். ஒரு ட்ரொலி ஒரு நாள் இல்லாவிட்டால் வார்டுகள் போன் எடுத்து சேரின் உயிரை வாங்குகின்றன என்பதற்காக.

ஆக, ஸஹ்ரா சொன்னது உண்மை. குறை இல்லையாம்! கையெழுத்து வேறு.

சேரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம் பிள்ளை, விளங்குது. ஆனா இதை இப்ப எழுதினா நாங்கள் பராமரிக்கேல்லை எண்டுதான் வரும். முதல்ல ஏன் அரைகுறையா ஏறுது எண்டு பாரும். வார்டில ஆரோ கழட்டீனம்."

ஒக்டோபர் 16, புதன்

வார்டில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க, ரவுண்டுக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லி நாலாம் நம்பரை நேற்றே திருப்பிக் கொடுத்தேன். இன்று வேலை முடிந்தும் அங்கே போய் உட்கார்ந்தேன். ட்ரொலி நிற்கும் மூலைக்குப் பக்கத்துக் கட்டிலில் நடராஜா ஐயா. முனிசிபலில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பு எலும்பு முறிந்து ஒரு மாதமாகப் படுத்திருக்கிறார். முதல் இடி இடித்தது. ஐயா தலையணைக்குப் பக்கத்திலிருந்த கைத்தடியை எடுத்தார், கட்டிலோர லொக்கருக்குப் பின்னால் நீட்டினார். டக். ட்ரொலி சொருகியிருந்த சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தடியைப் பழைய இடத்தில் வைத்தார்.

"என்ன ஐயா செய்றீங்க?"

"இடி இடிக்குது, கேக்கல்லையா மகள்? எங்க வீட்டு டீவி இப்படி ரெண்டு தரம் போயிருக்கு. இது எத்தனை லட்சமோ! நான் வந்த நாள்ல இருந்து காப்பாத்திக்கிட்டு இருக்கேன்."

"மழை விட்டதும் போடுறீங்களா?"

"அணைக்கத்தான் ஏலும். போடத் தடி எட்டாது. மிஸ்மார் பாத்துப் போடுவாங்கதானே?"

மிஸ்மார் பார்ப்பார்கள், பிளக் சொருகியிருக்கும், திருப்தியாகப் போவார்கள். சுவிட்ச் லொக்கருக்குப் பின்னால். காலையில் கூட்டுகிறவள் லொக்கரை நகர்த்தும்போது கண்டு, போட்டுவிடுகிறாள். விடிய விடிய ஏற வேண்டியது ஒரு மணி நேரம்தான் ஏறியிருக்கிறது.

கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. முதல் இடிக்கே எங்கள் அம்மா வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, அடுத்த வீட்டுக்கும் குரல் கொடுப்பார். நானும் அப்படித்தான். ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் செத்துப்போனது. பிறகு நிமிர்ந்து, "விசாரணைக்கு நான் வாறேன். சக்கர நாற்காலி எடுத்துத் தாங்க" என்றார்.

ஒக்டோபர் 17, வியாழன். போயா, பௌர்ணமி லீவு

சுவிட்ச் கதையை மட்டும் சொன்னால் என்ன ஆகும்? சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பது வார்டின் வேலை என்பார்கள். வார்டு என்றால் திரும்பவும் ஸஹ்ரா. சதவீதம் பிழையாகக் காட்டியது என்று சொன்னால்தான் அவள் தப்புவாள். எழுபத்தெட்டு என்று காட்டும் ட்ரொலியை எந்த நர்ஸ் சந்தேகப்படுவாள்? ஆனால் அது எங்கள் பிழை. எங்கள் என்றால் சேருக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். எனக்கு டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது.

மழை.

ஒக்டோபர் 21, திங்கள்

சேர் கூப்பிட்டார். "விசாரணைக்கு முதல் நாலாம் நம்பரை முழுசா இறக்கி ஏத்திப்போடும். அவை வந்து பாத்தா நேராக் காட்டோணும்."

இறக்கி ஏற்றினால் அது திருந்திவிடும். திருந்திவிட்டால் எழுபத்தொன்றில் அணைந்தது என்பதை நான் மட்டும்தான் கண்டவள். முதலில் குறை இல்லை என்று எழுதியவளும் நான்தான். யார் நம்புவார்கள்?

"சரி சேர்" என்றேன்.

ஒக்டோபர் 23, புதன்

லினன் அறைக்குப் போனேன். போகாம இருந்திருக்கலாம். ஸஹ்ரா பெட்ஷீட் மடிச்சுக்கிட்டு இருந்தா, நிமிந்துகூட பாக்கல. ட்ரொலி எழுபத்தொன்னுல செத்ததச் சொன்னேன். மடிக்கிறத நிப்பாட்டினா.

"அப்ப அத எழுதுங்களே."

"எழுதினா—"

"எழுதினா என்ன?"

என்னத்த சொல்ல? எனக்கு வேலை போயிரும்னு அவகிட்டயா சொல்றது?

"உம்மாட்ட இன்னம் சொல்லல்ல," என்றாள். "காலையில யூனிஃபோம் போட்டுட்டுத்தான் வீட்டால வாற. இங்க வந்துதான் மாத்துற. நீங்க போங்க, மடிக்க இன்னம் நிறைய ஈக்கி."

வெளியே வந்து கழிவறையில நின்னு அழுதேன். என்ன மனுஷி நான்? சாப்பாட்டு அவசரத்துல ஒரு வரி எழுதினேன். இப்ப இன்னொரு வரி எழுதக் கை வரமாட்டேங்குது. வெக்கமா இருக்கு.

ஒக்டோபர் 25, வெள்ளி

"செய்தாச்சே பிள்ளை?"

"இன்னும் இல்ல சேர்."

"சனி ஞாயிறுக்கை செய்யும்."

ஒக்டோபர் 27, ஞாயிறு

வேலைக்கு வந்தேன். நாலாம் நம்பரை வேர்க்‌ஷொப்புக்கு எடுத்தேன். இறக்கவில்லை. கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக் கழற்றினேன், அவ்வளவுதான். எழுபத்தாறு காட்டுகிறது. வருவது வரட்டும்.

ஒக்டோபர் 28, திங்கள்

மேசைக்கு அந்தப் பக்கம் டிரெக்டர் டொக்டர், மேட்ரன், மனிதவள மேலாளர் அம்மா. இந்தப் பக்கம் சேர், ஸஹ்ரா. நான் நாலாம் நம்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சேர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

என் முதல் அறிக்கை பிழை என்று சொன்னேன். சிங்களத்தில் சொன்னதால் தடுமாறாமல் வந்தது. தமிழில் என்றால் அழுதிருப்பேன். ஐயாவைக் கட்டிலிலிருந்து எழுப்பவில்லை; அவர் தடி, எங்கள் பராமரிப்பு நின்றது, எல்லாவற்றையும் நானே சொன்னேன். மேட்ரன் நம்பவில்லை. "எழுபதுக்கு மேல் இருக்கும்போது எப்படி அணையும்?" என்றார். மேலாளர் அம்மா விசாரணைக் குறிப்பைத் தன் லப்டொப்பில் அடித்துக்கொண்டிருந்தார். அதை இந்த ட்ரொலியில் அடிக்க முடியுமா என்று கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. "அடியுங்கள், பார்ப்போம்" என்றார். சதவீதத்தை அவரையே பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அணையவில்லை. பாழாய்ப்போனது, நல்ல பிள்ளையாக நின்றது. ஸஹ்ராவிடம் எல்லாம் கேட்டார்கள், ட்ரொலியில் அடித்தார்கள். சேரிடம் கேட்டார்கள், அதையும் அடித்தார்கள். டொக்டர் நடுநடுவே "எழுபத்து மூன்று", "எழுபது" என்று ஏலம் கூறுவதுபோல் வாசித்தார். கதிர்காமக் கந்தா, இதைச் சாகடி என்று வேண்டினேன். இந்தத் தொழிலுக்கு வந்து அப்படி வேண்டியது இதுதான் முதல் தடவை.

எழுந்திருக்கப் போனார்கள். மேலாளர் அம்மா கடைசியாக எல்லாருடைய பெயரையும் அடித்துக்கொண்டிருந்தார். டொக்டர் "அறுபத்தெட்டு" என்றார். திரை கறுத்தது.

மேலாளர் அம்மா இரண்டு விசையைத் தட்டிப் பார்த்தார். "ஐயோ. முழுவதும் அடித்தேனே. சேவ் ஆகியிருக்கும் என்று நினைத்தேன்."

ஸஹ்ரா அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "நானும் அப்படித்தான் நினைத்தேன் மிஸ்."



ஒக்டோபர் 31, வியாழன். தீபாவளி

புசல்லாவையில். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி வெடி போட்டான், நான் பிளக் எல்லாம் கழற்றினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. ஸஹ்ரா மீது குற்றமில்லை, நாளையிலிருந்து வார்டு. எங்கள் பிரிவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. எனக்குத் தனியாக ஒன்று. பதினொரு ட்ரொலிகளையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இறக்கி ஏற்ற வேண்டும், பொறுப்பு நான். டிசம்பர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு கிழமையாக வாய் திறக்காத சேர் இன்று திறந்தார். "நான் சொன்னதை நீர் கேக்கேல்லை."

"இல்ல சேர்."

"ஓம்." எச்சரிக்கைக் கடிதத்தை மடித்து லாச்சியில் வைத்தார். "எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். சரி, முதல்ல நாலாம் நம்பரை எடும்."

நவம்பர் 13, புதன்

காலையில் இரண்டாம் வார்டிலிருந்து போன். ஸஹ்ரா. வார்டுக்குத் திரும்பி ஒரு கிழமை, சாப்பாட்டு அறையில் வேறு மேசையில்தான் உட்காருகிறாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

"நாலாம் நம்பர் எண்பத்திரண்டு காட்டுது. ரவுண்டுக்குக் கொண்டு போகட்டா?"

"கொண்டு போங்க, நான் போன வாரம்தானே அதை—"

நிறுத்திக்கொண்டேன். "கொஞ்சம் பொறுங்க. வந்து பாத்துட்டு சொல்றேன்."

மீட்டரை எடுத்துக்கொண்டு படியேறினேன். பிளக்கைக் கழற்றி, திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, மின்னழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஸஹ்ரா பக்கத்தில் நின்றாள், அவசரப்படுத்தவில்லை.

"சரியா இருக்கு. போகலாம்."

"நீங்க பாத்தீங்க தானே?"

"பாத்தேன்."

பிரேக்கை எடுத்தாள். இரண்டு அடி தள்ளிவிட்டுத் திரும்பினாள். "சிந்து, பகல் சாப்பாட்டுக்கு எனக்கும் ஒரு எடம் புடிச்சு வைங்க."

பன்னிரண்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.