இடது கை லீவர்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வர்ற மாதிரி காட்டிட்டு வரல. சைக்கிள் துடைக்கணும், செயினுக்கு எண்ணெய் விடணும். ரெண்டும் பண்ணல.

அடுத்த வாரம் சனிக்கிழமை ஏலகிரி மலை. நானும் சைக்கிள் சிநேகிதி ஸ்டெல்லாவும். அதுக்குள்ள முடிவு பண்ணணும்: மிதிகட்டை பக்கம் பல்சக்கரம் இப்ப மாதிரி ரெண்டாவே இருக்கட்டுமா, ஒண்ணாக்கிடலாமா.

ஸ்டெல்லா போன மாசமே தன்னோடதை சிங்கிள் ஆக்கிட்டா. அதிலிருந்து இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி பின்னாடியே வர்றா.

"இன்னாத்துக்குடி ரெண்டு? இந்தக் கைல ஒரு கியர் லீவரு, அந்தக் கைல ஒரு லீவரு, நடுவுல நீ கணக்கு போட்டுக்கினு. எனக்குப் பாரு, வலது கட்டைவிரல் மட்டும்தான்."

நான் எடுத்துவிட்ட காரணங்கள்: சின்ன சக்கரத்துக்கு இறக்கினா ஏத்தத்துல முட்டி வலிக்காது. பெரிசுல போட்டா ஈ.சி.ஆர்.ல பறக்கலாம். கியருக்கு கியர் இடைவெளி கம்மி, மிதிக்கிற தாளம் கெடாது. எல்லாம் நிஜம்தான்.

என்னோட பிராணி கிளினிக்ல கூட்டம். ஒரு முயல், சாப்பிடவே மாட்டேங்குதாம். காத்துக்கிட்டிருந்த நேரத்துல வாசல் மணிபிளான்ட்ல பாதி காலி.

ஆகஸ்ட் 7, வியாழன்

மத்தியானம் ராயப்பேட்டை. இம்தியாஸ் பாய் சைக்கிள் கடை. கேட்டுட்டு வரத்தான் போனேன்.

பாய்: "மேடம், டபுள் இப்ப யாருமே கேக்கறதில்ல. முன்னாடி செயினைத் தள்ற கூண்டு, கேபிள், இடது லீவர், எல்லாத்தையும் கழட்டி வீசிடலாம். பின்னாடி பெரிய சக்கரமா போட்டுத் தர்றேன்."

"இப்ப இருக்கிற சின்ன கியர் அளவுக்கு லேசா இருக்குமா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"உங்க பின் வீல் பழசு மேடம். ரொம்பப் பெரிசு ஏறாது. மலைல கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்."

ஆக, வேகத்துலயும் கொஞ்சம் போகும், ஏத்தத்துலயும் கொஞ்சம் போகும். யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன். திரும்பும்போது லஸ்ல மெட்ரோ வேலைக்கு அடைச்ச தகரத்துக்குப் பக்கத்துல மாட்டிக்கிட்டு ஒரே இடத்துல நின்னேன். ஆட்டோக்காரர் ஒருத்தர் ஃபோன்ல, "வந்துக்கினே கீறேன்"னு மூணு பேர்கிட்ட சொன்னார். வண்டி நகரவே இல்ல.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூக்கம் சரியில்ல. இங்கயாவது எழுதி வைக்கலாம்.

பிரச்சனை பல்சக்கரம் இல்ல. கட்டைவிரல்.

போன வருஷம் சித்திரையில காது வலியோட வந்த லாப்ரடார், நான் தொட்டதும் இடது கட்டைவிரல் அடில கவ்விடுச்சு. அது மேல தப்பு இல்ல. நரம்பு அறுந்து, தைச்சு, பயிற்சி எல்லாம் முடிஞ்சுது. விரல் மடங்கும், நீளும். அழுத்தினா பலம் இல்ல. "போகப் போக வந்துடும்"னாங்க. வரல. எல்லார்கிட்டயும் வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்.

இடது லீவர்ல பெரிசுலேர்ந்து சின்னதுக்கு இறக்கறது சுலபம், தட்டினா போதும். சின்னதுலேர்ந்து பெரிசுக்கு ஏத்தணும்னா கட்டைவிரலால நீளமா, அழுத்தித் தள்ளணும். முடியல. வலது கையை எடுத்துட்டு வந்து குறுக்கால தள்றேன். யாரும் பாக்காத நேரமா பாத்து. பல மாசமா இப்படித்தான்.

சிங்கிள் போட்டா லீவரே கிடையாது. தீர்ந்தது. ஆனா ஏன் மாத்தறேன்னு எனக்கு நானே சொல்லணுமே. சொன்னா அடுத்த கேள்வி வரும். லீவரையே தள்ள முடியாத கையை வச்சுக்கிட்டு ஆபரேஷன் டேபிள்ல என்ன பண்றே?

அதனாலதான் பல்லு எண்ணிக்கை பத்தி இவ்வளவு பேச்சு.

வீட்டுக்காரர் ஸ்ரீதர் ஆபீஸ் கிளம்பும்போது, "கார்த்தாலேயே என்ன எழுதிண்டு இருக்கே?"

"மளிகை."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வரிசையா எழுதறேன்.

ஆறு மணிக்கு சாந்தோம்ல ஸ்டெல்லா. வாய் நிறைய சிரிப்பு. அவ நீச்சல் சொல்லித்தர்ற குளத்துக்கு இன்னைக்கு லீவு. ரெண்டு பேரும் பெசன்ட் நகர் வரைக்கும் போய்த் திரும்பறதா பேச்சு. தெருவுக்குத் தெரு ஆடிக்கூழ் மைக். பட்டினப்பாக்கம் தாண்டி, அடையாறு பாலம். மெட்ராஸ்ல மேடுன்னா பாலம்தானே. பழகலாம்னு சின்ன சக்கரத்துக்கு இறக்கி ஏறினேன்.

பாலம் தாண்டி சமதளம். பெரிசுக்கு மாத்தணும். கால் சும்மா சுத்துது, ஸ்டெல்லா முன்னாடி போய்க்கிட்டே இருக்கா. இடது விரலால ஒரு தரம் தள்ளினேன். நகரல. வலது கையைக் குறுக்கே கொண்டுபோன அதே நொடி ஒரு பள்ளம். ஹேண்டில் திரும்பிடுச்சு. பக்கத்துல வந்த வேன் பிரேக் அடிச்சது. விழல. காலை ஊனிட்டேன். வேன்காரர் என்ன திட்டினார்னு காதுல விழல, வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது.

ஸ்டெல்லா திரும்பிப் பாத்துட்டா. எல்லாத்தையும்.

"வலது கைய எதுக்குடி அந்தாண்ட கொண்டாந்த?"

"சும்மா. கிளவுஸ் சரி பண்ணேன்."

"கிளவுஸ் பையில கீது. போடவேயில்ல நீ."

நான் குனிஞ்சு செயினைப் பாத்தேன்.

"கை வர்லன்னா வர்லன்னு சொல்லேன். முட்டி, தாளம், ஈசிஆருன்னு ஒரு வாரமா கத வுட்டுக்கினு கீற. நீ செத்தா உன் வூட்டுக்காருக்கு யாரு பதில் சொல்றது? நானா?"

நான் சொன்னது ரொம்ப அசிங்கம். "உன் சைக்கிளைப் பாரு. எனக்கு நீ டாக்டர் ஆகாத."

அவ சைக்கிளைத் திருப்பிக்கிட்டு போயிட்டா. நான் பாலத்தை நடந்தே தாண்டினேன். வீட்டுக்கு வந்து சமைச்சேன். உப்பு போட்டேனா இல்லையா, ஸ்ரீதர் கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல.

ஆகஸ்ட் 11, திங்கள்

பூனைக்குக் கருத்தடை. நூறு தடவை பண்ணினதுதான். இடது கைல கிளாம்ப், வலது கைல நூல். முடிச்சு இறுக்கற நேரத்துல கிளாம்ப் நழுவிச்சு. ரத்தம்.

உதவிக்கு இருக்கிற தனம் பஞ்சை வச்சு அழுத்தினா. கிளாம்ப்பை நான் திரும்பப் பிடிச்சேன். நிக்கல. தனமே பிடிச்சா, நான் கட்டினேன். பூனைக்கு ஒண்ணும் ஆகல. சாயந்திரம் பால் குடிச்சுது, கூடையைப் பிராண்டிச்சு, என்னை முறைச்சுது.

பூனையோட அம்மா, அப்படித்தான் சொல்லிக்கறாங்க, கையெடுத்துக் கும்பிட்டு, "உங்க கை ராசி டாக்டர்."

பாத்ரூம்ல குழாயைத் திறந்து கையை ரெண்டு தரம் கழுவினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லேசா தூறல். காலைல காபி கலந்துக்கிட்டிருந்த ஸ்ரீதர்கிட்ட சொல்லிட்டேன். விரல்ல பலம் வரல, இனிமே வராதுன்னு நினைக்கிறேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"போன தீபாவளிலேர்ந்து ஆத்துல எந்த பாட்டில் மூடியையும் நான் இறுக்கி மூடறதில்ல. நீ கவனிச்சியோ?"

கவனிக்கல. எறும்பு வருதுன்னு அதுக்கும் சண்டை போட்டிருக்கேன்.

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா கடிப்பே."

சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு இல்ல. அவர் காபியை ஆத்திக்கிட்டே இருந்தார். எனக்குக் கொடுக்கும்போது சுத்தமா ஆறிப்போச்சு.

பத்து மணிக்கு யாமினிக்கு ஃபோன். என்கிட்ட பயிற்சிக்கு வந்த பொண்ணு, இப்ப அடையாறுல ஒரு கிளினிக்ல பாதி நேரம். ஆபரேஷன் எல்லாம் நீ பண்ணு, நான் கூட நிக்கிறேன், வர்றியான்னு கேட்டேன். "மேடம், நிஜமாவா?" அந்தக் குரல்ல இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கல. பிடிக்காம போனதும் பிடிக்கல.

ஸ்டெல்லாவுக்கு மெசேஜ்: "கை வரல." அவ்வளவுதான் அனுப்பினேன்.

உடனே பதில்: "தெரியுதுல்ல. நாளைக்கு பாய் கடைக்கு வா. சனிக்கிழம கேன்சல் பண்ணிடாத, அண்ணங்கிட்ட வண்டி சொல்லிட்டேன்."

ஆகஸ்ட் 13, புதன்

கழட்டியாச்சு. கூண்டு, கேபிள், லீவர் எல்லாம். ஒரே ஒரு பல்சக்கரம். பாய் பழசையெல்லாம் கவர்ல போட்டுக் கொடுத்தார். வேண்டாம்னேன். வெளியே வந்துட்டு, திரும்பிப் போய் வாங்கிக்கிட்டேன்.

ஹேண்டில்ல இடது பக்கம் வெறிச்சுனு இருக்கு. ஓட்டும்போது விரல் தானா தேடுது.

ஸ்டெல்லா, "ஞாயித்துக்கெழம சொன்னியே..."

"தப்பு. மன்னிச்சிடு."

"அது கெடக்கு. ஜூஸ் வாங்கிக் குடு." சாத்துக்குடி. ரெண்டு கிளாஸ் குடிச்சா.

ஆகஸ்ட் 16, சனி. ஏலகிரி

அவ அண்ணன் மீன் ஏத்தற குட்டியானை வண்டில அடிவாரம் வரைக்கும். சைக்கிள் ரெண்டும் மீன் வாசம். அடிவாரத்துல ஒரு நாய் என் டயரை விடாம நக்கிச்சு.

முதல் சில வளைவு நல்லா இருந்தது. கீழே பச்சை, காத்து. வலது விரல் ஒரு தட்டு, கியர் மாறுது, ரெண்டு கையும் ஹேண்டில்லயே. வேற யோசனை இல்ல. அப்புறம் கடைசி கியரும் முடிஞ்சுது. தட்டினேன், இல்ல. பழைய சின்ன சக்கரம் இருந்தா இன்னும் ஒரு படி இருந்திருக்கும். தொடை எரிஞ்சுது. இறங்கித் தள்ளினேன். கார்ல போனவங்க ஜன்னலை இறக்கி, "தண்ணி வேணுமா மேடம்?" வேணாம்னேன். வேணும்தான்.

மேலே போன ஸ்டெல்லா திரும்பி இறங்கி வந்தா. ஏறின ஏத்தத்தை எனக்காக விட்டுட்டு.

"டபுளே வச்சிருக்கலாமோ?"

"மலைக்கு ஆமா. எனக்கு இல்ல"ன்னேன்.

அங்கே நின்னப்போ யாமினி ஃபோன்; இன்னைக்கு என் கிளினிக் அவ பொறுப்பு. குரல் படபடன்னு. கிளினிக் வாசல்ல அடிபட்ட தெருநாய், வயித்துல உள்ளே ரத்தக் கசிவு. தனம் கூட இருக்கா. காத்திருக்க நேரமில்ல.

"மேடம், நான் தனியா திறந்ததில்ல. நான் பண்ணட்டுமா?"

எங்கே கீறணும், எதை முதல்ல பிடிக்கணும்னு சொல்ல ஆரம்பிச்சேன். பாதில நிறுத்திட்டேன். அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

"பண்ணு"ன்னேன்.

லைன் கட். சிக்னல் போச்சு.

சும்மா நிக்க முடியல. ஏறி மிதிச்சேன். எப்படின்னு தெரியல, மிச்ச வளைவுல ஒரு தரம்கூட இறங்கல. ஸ்டெல்லா பக்கத்துலயே, பேசாம, என் வேகத்துக்கு வந்தா.

மேலே வந்ததும் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். டீ ஆறிப்போச்சு. லாட்ஜ் ரூமுக்கு வந்தும் ஜன்னல் ஓரமாவே நின்னேன். மூணு மணி வாக்குல ஒரு படம் வந்தது. எலும்பு தெரியற செம்மண் நிற நாய், நாக்கு வெளியே, கண் பாதி திறந்து. கீழே யாமினி: "எழுந்திருச்சிடுச்சு மேடம்."

படத்தைப் பெரிசாக்கினேன். தையலைப் பாத்தேன். நேரா இருக்கு. என்னோடதை விட நேரா.

கொஞ்சம் அழுதேன். சந்தோஷமா, பொறாமையான்னு பிரிக்க முடியல.

குளியலறைலேர்ந்து ஸ்டெல்லா கத்தறா, "வெந்நி வர்லடி! கீழ போய் கேளு!"