மூன்று விரல் கூட்டி

மார்ச் 4
இன்றும் நாள் முழுக்கத் திரைச்சீலைக் கடைக்காக வீடு வீடாக ஜன்னல் அளந்தேன். ஒரு வீட்டில் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "திரைய நீயே தனியா தைச்சுக் குடுத்தா என்ன? நடுவுல கடை எதுக்கு?" சிரித்து மழுப்பினேன். திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

மார்ச் 5
இவரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். அப்படிச் சொன்னால் அவருக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம். கொஞ்சம் கழித்து, "இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதப் பிடிக்கப் போறியா?" என்றார்.
ஏன், பிடிக்க முடியாதா?

மார்ச் 11
ஜனங்கள் தேடி வருவது கடையின் பெயரையா, என் கையையா? அது தெரியாமல் வேலையை விடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். அந்த அம்மாவின் வரவேற்பறைக்கு மட்டும் லீவு நாளில் நானே வெட்டித் தைத்துப் பார்க்கிறேன். சரியாக வந்தால் வேலையை விடுவேன். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போவேன்.

மார்ச் 19
மாட்டிப் பார்த்தோம். எல்லாத் திரையும் தரையில் புரள்கிறது. "தரை பெருக்கறதுக்கும் இதுவேவா?" என்றார் அந்த அம்மா. மானமே போச்சு. இத்தனை வருஷமா அளக்கறவளுக்கு அளவு தெரியலையா? நான் இவ்வளவுதானா?

மார்ச் 20
காலையில் டீ போடும்போது பிடிபட்டது!
கடையில் துணி வெட்டுவது மாஸ்டர். எந்த அளவு கொடுத்தாலும் துணியை மிச்சம் பிடிக்க நீளத்தில் மூன்று விரல் குறைத்தே வெட்டுவார். சண்டை போட்டு அலுத்துப்போய், நான் மூன்று விரல் கூட்டி எழுதப் பழகிவிட்டேன். அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. இந்த முறை எழுதியதும் நான், வெட்டியதும் நான்.
தனியாகச் சிரித்தேன். பால் பொங்கி வழிந்தது.

மார்ச் 23
அடிமடிப்பைப் பிரித்து, மூன்று விரல் ஏற்றித் தைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா தன் தங்கை வீட்டுக்கும் கேட்கிறார். வேலையை விட்டு நின்றுகொள்வதாகக் கடையில் சொல்லிவிட்டேன். மாஸ்டர் மட்டும் தலை நிமிரவில்லை. அதுதான் வலிக்கிறது.

ஏப்ரல் 2
பயமாக இருக்கிறது. தைக்கிறேன்.

மே 6
மாஸ்டர் போன் செய்தார். "புதுசா வந்த பொண்ணு ரொம்பச் சரியா அளக்குதும்மா. அதான் பிரச்சினை. திரையெல்லாம் குட்டைப் பாவாடை மாதிரி தொங்குது. முதலாளி என்னைப் பிடிச்சு வறுக்கறாரு."
"கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு இங்க வந்துடுங்கண்ணே."
"உனக்கே ஆர்டர் இருக்கா?"
"ரெண்டு பேருக்கு இருக்கு."
இவரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். சொல்லிக்கொண்டே கட்டிலை நகர்த்தி, வெட்டும் மேசைக்கு இடம் பண்ணினார்.

மே 14
காலையிலிருந்து மாஸ்டர் மேசைப் பக்கத்தில் கத்தரி தீட்டுகிறார். நான் போய்ப் புது வீடு ஒன்று அளந்து வந்தேன்.
மூன்று விரல் கூட்டித்தான் எழுதினேன்.