பெயின்ற்றுக்கு அடியில் இருந்த எண்

புதன், இரவு

அண்ணா மருதானையில் வாங்கிய பழைய பந்தயச் சைக்கிள் சட்டத்தை யார் செய்தார் என்று அறிய, பெடல் பூட்டும் இடத்தின் அடியில் பெயின்ற்றைச் சுரண்டினேன். ஒரு எண் இருந்தது. படமெடுத்துச் சைக்கிள்காரர் குழுவில் போட்டேன்.

பின்னேரம் ஒருவர் எழுதினார்: "இங்கிலாந்தில கையால செய்தது, தங்கச்சி. அந்த நம்பர் என்ர சைக்கிள்தான். களவு போனது. நாளைக்குக் காலமை வாறன்."

முகவரி எப்படித் தெரியும்? படத்தின் ஓரத்தில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் பெயர்ப்பலகை இருந்தது.

அண்ணாவிடம் அதைக் காட்டினேன். "விசரி! பொலிஸோட வந்தா வித்தவனையா பிடிப்பாங்கள்? என்னைத்தான்."

படத்தை அழித்துவிட்டேன். என்ன பயன்? விடிய முதலே அண்ணா சட்டத்தோடு எங்கேயோ போகப் போகிறானாம். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. காலையில் மணி அடித்தால் கதவைத் திறப்பது அம்மாதான்.