யார் முதலில் பேசுவது?

அன்பும் அளப்பும் நிறைந்த மோர்ட்டி அண்ணாவுக்கு,

எடிசன் நகரில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை இக்கடிதத்தில் சொல்லப்போகிறேன், சத்தியம். தமிழில் எழுதுகிறேனே என்று முறைக்காதீர்கள். நீங்கள் போயிருக்கும் இடத்தில் மொழிபெயர்க்க ஆளா இல்லை? படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: இவர் என் பக்கத்து வீட்டு யூதர், ஓய்வுபெற்ற பிளம்பர். இந்த வாரம் அடக்கம் செய்தோம்.

ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்காக நான் இங்கே குடிவந்த புதிதில், உங்கள் வாசல் நிலையில் விரல் நீளப் பெட்டி ஒன்று சாய்ந்து நின்றது. என்னால் பொறுக்க முடியுமா? ஸ்க்ரூடிரைவரோடு வந்து, தூக்குக்குண்டு பிடித்து, நியூ ஜெர்சியே நிமிர்ந்து நிற்கும்படி அதை நிமிர்த்தினேன். கதவைத் திறந்தீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"என்னய்யா பண்றே?"

"கோணலா இருந்துது சார். ஃபிக்ஸ் பண்ணிட்டேன்."

"முப்பது வருஷ பிளம்பர், எனக்கு நேர் எது, கோணல் எதுன்னு தெரியாதா? நேரா வைக்கணும்னு ஒரு பெரியவர், படுக்க வைக்கணும்னு இன்னொருத்தர். சண்டை தீரல. அதான் சாய்ச்சு வெச்சோம்."

உள்ளே வேத வரிகள் எழுதிய தோல் சுருள் இருப்பதாகச் சொன்னீர்கள். கடவுளை நம்பி இருப்பதற்கு உங்கள் மொழியில் 'பிட்டகோன்' என்று பெயராம். என் காதில் 'பித்தக்கோன்' என்று விழுந்தது. சிவனையே பித்தன் என்று கூப்பிடும் ஊர்க்காரன் நான். உங்கள் சாமியும் ஒரு பைத்தியக்கார ராஜா போலிருக்கிறது என்று ஆறு மாதம் அந்தப் பெட்டியைக் கும்பிட்டேன். விஷயம் தெரிந்து நீங்கள் சிரித்த சிரிப்பில், எங்கள் ஊர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு முழுக்க இட்லித் தட்டுகள் அதிர்ந்தன.

அப்புறம் என் மனைவி கமலாவுக்கு இதய ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

"எங்க வாசல்லயும் ஒரு பெட்டி மாட்டிடுங்கண்ணா. அவ வீட்டுக்குத் திரும்பி வரணும்."

"அது தாயத்து இல்லப்பா."

"அப்ப பித்தக்கோன் எதுக்கு?"

"நான் கேட்டதை அவர் செய்வார்ங்கறது இல்ல அது. என்ன நடந்தாலும் அவர் கையை விட்டு வெளியே நடக்காதுங்கறது. நல்ல சர்ஜனைத் தேடு, ப்ரே பண்ணு. ரெண்டையும் பண்ணு."

எனக்கு அது போதவில்லை. கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். ரெண்டையும் பண்ணினேன். கமலா திரும்பி வரவில்லை.

நீங்கள் வந்தீர்கள். சாவு வீட்டில் 'வாங்க' என்று சொல்வது எங்கள் வழக்கமில்லை, நான் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவன் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது உங்கள் வழக்கம், நீங்களும் பேசவில்லை. உட்கார்ந்தோம். வெளியே பனி கூரையை மூடியது, உருகியது, புல் முளைத்தது, புல்லை வெட்டச் சொல்லி டவுன்ஷிப்பிலிருந்து கடிதமே வந்துவிட்டது. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"அவர் கை அன்னிக்கு எங்கண்ணா இருந்துது?"

"தெரியல."

ஆனால் நீங்கள் எழுந்து போகவில்லை.

நேற்று, உங்கள் வழக்கப்படி ஏழு நாள் துக்கத்தின் மூன்றாம் நாள், உங்கள் வீட்டுக்கு வந்தேன். துக்க வீட்டு முறைப்படி கண்ணாடிகளுக்குத் துணி போர்த்தியிருக்கிறது. உங்கள் மகள் தாழ்ந்த நாற்காலியில் இருக்கிறாள். எதிரே உட்கார்ந்தேன். அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்றும் சொல்லவில்லை. முரடன் என்று நினைத்திருப்பாளோ?

அவள் வாய் திறந்தால் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். உங்களிடமிருந்து வாங்கிய பதில் தவிர என்னிடம் வேறு இல்லை. இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நான்கு நாளும் வருவேன் அண்ணா, அந்த நாற்காலிக்கு எதிரே இருப்பேன். இது வாக்கு.

இட்லித் தட்டும், பனியும், முளைத்த புல்லும் என் அளப்பு. ஆறு மாதம் கும்பிட்டதுகூட ஆறே நாள்தான். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்: தெரியல என்று சொல்லிவிட்டு, நீங்கள் எழுந்து போகவில்லை.

உங்களோடு பிறக்காத, கோணலான தம்பி,
ரங்கன்