கொட்டகைக்குப் பின்னால் நின்ற காற்றுமானி

மார்ச் 4, செவ்வாய்
மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கிலிருந்து ஹைடி போன் செய்தாள். மாநில அரசின் விமான நிலைய மானியங்களைப் பார்ப்பவள். நான் மேலாளராக இருக்கும் நம் ஊர்ச் சிறு விமான நிலையத்தின் வானிலைக் கருவிகளை இடம் மாற்ற ஏப்ரல் 11க்குள் விண்ணப்பிக்க வேண்டும். கருவி பழசு என்று எழுதினால் மூன்று வருடம் காத்திருக்க நேரலாம். ஆபத்து என்று ஆதாரத்தோடு எழுதினால் இந்தக் கோடையிலேயே கிடைக்குமாம்.

ஆதாரமா? என் அலுவலக ஜன்னல் வழியாகவே தெரிகிறதே. நகரசபை கட்டிய பெரிய விமானக் கொட்டகை வடமேற்குக் காற்றை மறைத்து நிற்கிறது. அதன் பின்னால், காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி.

மார்ச் 6
கைக்கருவியோடு இரண்டு மணி நேரம் ஓடுதளத்தில் நின்றேன். காது மரத்துவிட்டது. என் கையில் காற்று மணிக்கு இருபத்திரண்டு மைல். அதே நிமிடம் நிலையக் கருவி விமானிகளுக்கு ரேடியோவில் சொன்னது ஏழு.

போன ஆகஸ்டில் ட்வைட்டுக்கும் ஏழு என்றுதான் சொன்னது. வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானி, இருபது வருட அனுபவம். நம்பி இறங்கினார். குறுக்குக் காற்று விமானத்தைக் கவிழ்த்துப் போட்டது. இடுப்பெலும்பு முறிவு. அறிக்கையில் ஒரே வரி — விமானியின் தவறு.

மார்ச் 12
விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: காற்றை மறைக்கும் தடை எப்போது எழுந்தது, யார் ஒப்புதலில்?

கொட்டகைக்கு ஒப்புதல் தந்த கோப்பைத் தேடி எடுத்தேன். 'கருவிக்குப் பாதிப்பில்லை.' கீழே என் கையெழுத்து. ஆறு வருடத்துக்கு முன்பு. அன்று பனி கொட்டியது. வெளியே போய்த் தூரத்தை அளக்கச் சோம்பல். வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ட்வைட் விழுந்தபோது எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. வாயைத் திறந்தேனா?

மார்ச் 13
எதுவும் ஓடவில்லை.

மார்ச் 20
காபிக் கடையில் மேயர் வெர்னிடம் அந்தத் தாளைக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஆர்டிஸ், அந்தக் கேள்விக்கு 'விவரம் கிடைக்கலை'ன்னு போட்டுட்டுப் போயேன். யாரு கேக்கப் போறா?"

ட்வைட் கேட்கலாம் என்றேன்.

"அவன் விஷயம் முடிஞ்சு போச்சு. நீயா தோண்டினா சபை உன்னை வெச்சுக்காது. நான் மிரட்டலை. நடக்கப் போறதைச் சொல்றேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2
மளிகைக் கடையில் ட்வைட்டின் மனைவி லவோன். விபத்தன்று ட்வைட் குடித்திருந்தார் என்று ஊரில் பேச்சாம்.

"எந்த இடத்துல தப்புப் பண்ணினேன், எந்த இடத்துல தப்புப் பண்ணினேன்னு அதையே சொல்லிக்கிட்டு உக்காந்திருக்காரு, ஆர்டிஸ்."

நான் உருளைக்கிழங்கு விலையைப் பற்றி ஏதோ சொன்னேன். சீ, என்ன பொம்பளை நான்!

ஏப்ரல் 11
அனுப்பிவிட்டேன். அளவுகள், படங்கள், என் கையெழுத்துப் போட்ட தாள், எல்லாம். ஒரு நகல் விபத்தை விசாரித்தவர்களுக்கு. இன்னொன்று ட்வைட்டின் தபால் பெட்டியில். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை.

மே 6
நகரசபைக் கூட்டம். மானியம் வந்தால் ஊரின் பங்கைக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அடுத்த தீர்மானம் என்னைப் பற்றி. வெர்ன் கை தூக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. மாதக் கடைசியோடு வேலை முடிகிறது.

பதினான்கு வருடம். என் பொருள்களால் ஒரு அட்டைப்பெட்டி கூட நிறையாது.

ஜூலை 18
மானியம் கிடைத்துவிட்டதாம். ஹைடி வீட்டுக்குப் போன் செய்து சொன்னாள். எனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. போனை வைத்த பிறகு அழுதேன்.

செப்டம்பர் 25
காற்றுமானி இப்போது ஓடுதளத்தின் தெற்குக் கோடியில், திறந்த வெளியில் நிற்கிறது. நான் தானியக் கிடங்கில் எடை போடுகிறேன். சோயா அறுவடை, லாரிகள் வரிசை.

மதியம் ட்வைட் கைத்தடியோடு உள்ளே வந்தார். அறிக்கையைத் திருத்தப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறதாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருக்கணும்," என்றேன்.

கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்தார். "சனிக்கிழமை மறுபடி மேல போறேன். ரெண்டு சீட்டு விமானம், இரவல் வாங்கினது. லவோன் வர மாட்டேங்குறா."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன்.